நகல் துப்பாக்கியின் மெய்விலை

காவல்படைக்கும் தரைப்படைக்கும் சிறு ஆயுதங்கள் வாங்கும் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே வாதம் திரும்பத் திரும்ப முன்வைக்கப்படுகிறது. புகழ்பெற்ற துணை இயந்திரத் துப்பாக்கிகளின் வடிவங்கள் அரை நூற்றாண்டைக் கடந்தவை; அவற்றின் காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன; துருக்கி, பாகிஸ்தான், ஈரான், சீனா எனப் பல நாடுகளில் அவற்றின் நகல்கள் தயாராகின்றன; வடிவமும் ரவையும் சுடும் வேகமும் ஒன்றாகவே இருக்கும்போது மூல நிறுவனத்தின் முத்திரைக்காக மக்கள் பணத்தை அள்ளிக் கொடுப்பானேன்; ஒப்பந்தப்புள்ளியில் யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருடைய நகலை வாங்குவதே சிக்கனம் என்று அந்த வாதம் முடிகிறது. சிக்கனத்தின் பெயரால் பேசப்படுவதால் இதை எதிர்ப்பவர் வெளிநாட்டு மோகம் கொண்டவராகவும், ஆதரிப்பவர் பொதுப்பணத்தின் காவலராகவும் தோன்றிவிடுகின்றனர். உண்மையில் இந்த வாதம் பொதுப்பணத்தையும் காப்பதில்லை, ஆயுதம் ஏந்தி நிற்பவரையும் காப்பதில்லை.

துணை இயந்திரத் துப்பாக்கி என்பது கைத்துப்பாக்கிக்குரிய சிறிய ரவையை, விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை தொடர்ந்து சுடக்கூடிய, தோளில் அண்டக்கொடுத்துப் பயன்படுத்தும் குறுகிய ஆயுதம் ஆகும். இந்தியக் காவல்துறையின் நடைமுறைப் பேச்சில் அது ‘கார்பைன்’. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த செலியமேட்டில் வாழும் ஒருவருக்கு இது கடையில் போய்ப் பேரம் பேசி வாங்கும் பொருள் அன்று. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தானியங்கி ஆயுதங்களைத் தடைசெய்யப்பட்டவையாக வகுக்கிறது; அதன் 7-ஆம் பிரிவு மத்திய அரசின் தனி அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பதைத் தடைசெய்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அத்தடையை மீறும் குற்றத்திற்கு ஏழாண்டு முதல் பதினான்கு ஆண்டு வரை சிறை உண்டு. ஆகவே மலிவான நகலைத் தேர்ந்தெடுப்பது என்னும் கேள்வி இங்கே அரசின் கேள்வி மட்டுமே. செலியமேட்டுக்காரர் அதில் இரண்டு வகையில் பங்காளி: அவருடைய வரிப்பணம் அந்த ஆயுதத்தை வாங்குகிறது; காவலர் தேர்வுக்கும் ஐ.ஆர்.பி.என். (இந்திய ரிசர்வ் பட்டாலியன்) தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் விடியற்காலையில் ஓடிப் பழகும் அவ்வூர்ப் பிள்ளைகளின் தோளில் அது தொங்குகிறது. இவ்விரண்டு காரணங்களாலும் இக்கேள்வியை டெண்டர் அதிகாரிகளிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

மறுப்பைத் தொடங்குமுன் எதிர்த்தரப்பின் வலுவான பகுதியை ஒப்புக்கொள்ள வேண்டும். நகல் என்பதாலேயே ஓர் ஆயுதம் மட்டமாகிவிடாது; இத்துறையின் வரலாறே நகல்களின் வரலாறுதான். முதல் உலகப்போரின் இறுதியாண்டில் ஜெர்மானியர் களமிறக்கிய பெர்க்மன் துப்பாக்கியின் வழிவந்தது எம்.பி.28; இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதை நகலெடுத்து லான்செஸ்டர் என்று பெயரிட்டனர்; அதை மேலும் எளிமையாக்கி 1941-ல் உருவாக்கியதே ஸ்டென். மறுபுறத்தில், இன்று உலகெங்கும் மூலம் என்று கொண்டாடப்படும் ஜெர்மனியின் எம்.பி.5-இன் உள்ளியக்கம், போர்முடிவில் மவுசர் ஆலையில் பிறந்து, ஸ்பெயினின் செட்மே துப்பாக்கியில் வளர்ந்து, ஜெர்மனியின் ஜி3 வழியாக வந்து சேர்ந்ததாகும். பாகூர் மண்ணுக்கே உரிய சான்றும் உண்டு. 1752-ல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் தலைமையிலான கும்பினிப் படையும் கெர்ஜான் தலைமையிலான பிரெஞ்சுப் படையும் பாகூரில் மோதிய காலத்தில், ஆங்கிலேய அரசின் துப்பாக்கிகள் முத்திரையிட்டுக் காக்கப்பட்ட ஒரு மாதிரியைப் பார்த்துப் பல பட்டறைகளில் செய்யப்பட்ட பிரதிகளாகவே இருந்தன. பின்னாளில் கிழக்கிந்தியக் கும்பினி தன் சிப்பாய்களுக்காக, அரசுத் துப்பாக்கியின் 42 அங்குலக் குழலை 39 அங்குலமாகக் குறைத்து, பித்தளை வேலைப்பாடுகளைச் சுருக்கி, மலிவான வகை ஒன்றைச் செய்வித்தது. 1793-ல் பிரான்சுடன் போர் மூண்டு ஆயுதத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது ஆங்கிலேய அரசே கும்பினியிடமிருந்து அவற்றை வாங்கியது. 1797-ல் அந்த ‘இந்திய மாதிரி’யே அரசுப்படையின் பொது ஆயுதமாயிற்று. மலிவான பிரதி மூலத்தை வென்ற கதை இது.

ஆனால் இக்கதை எதிர்த்தரப்புக்குத் துணைநிற்கவில்லை. கும்பினி தன் துப்பாக்கிகளுக்கெனத் தனிப் பரிசோதகர்களை அமர்த்தி, குழல்களைக் கூடுதல் மருந்திட்டுச் சுட்டுச் சோதித்து, தேறாதவற்றைத் திருப்பியனுப்பியது. விலையைக் குறைத்தது அலங்காரத்திலும் நீளத்திலும்தான். இன்றைய குறைந்த விலை வாதம் எதைக் குறைப்பது என்று கேட்பதே இல்லை. கடைசித் தொகையை மட்டும் பார்க்கிறது. நகலெடுத்தல் நல்லதா கெட்டதா என்னும் கேள்வி பொருளற்றது. எதை நகலெடுத்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பதே ஆராய வேண்டியது.

நகலெடுப்பவர் மூலத்தின் நன்மையை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, அதன் நோயையும் எடுத்துக்கொள்கிறார். ஸ்டென்னின் வரலாறு இதற்கு முதற்சான்று. தோட்டாக்கூடு, அதாவது ரவைகளை அடுக்கி வைத்து ஒவ்வொன்றாக மேலே தள்ளும் தகரப்பெட்டி, எம்.பி.28-இல் எப்படி இருந்ததோ ஏறத்தாழ அப்படியே ஸ்டென்னுக்குள் வந்தது. அதில் ரவைகள் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டு, வாயருகே ஒரே வரிசையாக நெருக்கப்படுகின்றன. அந்த நெருக்கத்தில் சிறு அழுக்கோ, உதட்டில் சிறு நசுங்கலோ இருந்தால் ரவை சிக்கிக்கொள்ளும். 32 ரவை கொள்ளும் கூட்டில் சில ரவைகளைக் குறைத்தே அடைத்துக்கொள்வது படைவீரர்களின் வழக்கமாயிற்று. துப்பாக்கி சிக்கியதால் இறந்தவர்களை எந்தச் செலவுக் கணக்கும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஜார்ஜ் பேட்செட் வடிவமைத்து 1953-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட ஸ்டெர்லிங் துப்பாக்கியின் பெருமையே அந்த நோயைக் குணப்படுத்தியதில் அடங்கும்: 34 ரவை கொள்ளும் வளைந்த கூட்டில் ரவைகள் இறுதிவரை இரு வரிசையாகவே ஏறுகின்றன, அவற்றை மேலே தள்ளும் தட்டில் இரண்டு சிறு உருளைகள் பொருத்தப்பட்டு உராய்வு குறைக்கப்பட்டது, ரவையைக் குழலுக்குள் தள்ளி முன்பின் ஓடும் போல்ட்டின் மேல் சுருள்வரிகள் வெட்டப்பட்டு, உள்ளே புகுந்த மணலும் கரியும் அவ்வரிகளில் ஒதுங்க வழிசெய்யப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை எதுவும் கண்ணில் படாது. ஸ்டெர்லிங்கைச் சிறு மாற்றங்களுடன் தன் நாட்டில் தயாரித்த கனடா, தன் சி1 வகையின் தோட்டாக்கூட்டிலிருந்து அந்த உருளைகளை நீக்கியது. செலவும் வேலையும் குறைந்தன என்பது உண்மைதான், ஆனால் அது மூலத்தைப் புரிந்துகொண்டு, சொந்தமாகச் சோதித்து எடுத்த முடிவு. பார்த்துச் செய்பவருக்கு அந்த உரிமை இல்லை; எது தேவையான உறுப்பு, எது தேவையற்றது என்று அறியும் வழி அவரிடம் இல்லை.

நகல் மலிவு என்னும் எடுகோளையே உடைக்கும் சான்று அதே ஸ்டென்னின் கதையில் இருக்கிறது. உலகில் அதுவரை செய்யப்பட்ட துப்பாக்கிகளிலேயே மிக மலிவானவற்றுள் ஒன்றான ஸ்டென்னை, போரின் கடைசிக் கட்டத்தில் ஜெர்மானியர் மவுசர் ஆலையில் அச்சு அசலாக, ஆங்கிலேய முத்திரைகள் உட்பட நகலெடுத்தனர். ‘பொட்ஸ்டாம் கருவி’ என்பது அதன் மறைபெயர். பட்டறைகளில் பற்றவைத்துச் செய்யத்தக்க அந்த எளிய ஆயுதம், புதிய அச்சுகளும் புதிய அளவைகளும் தேவைப்பட்டதால் ஜெர்மானியரின் வழக்கமான துணை இயந்திரத் துப்பாக்கியைவிடப் பல மடங்கு செலவில் முடிந்தது. ஓர் ஆயுதம் அது பிறந்த ஆலையில் மலிவாக இருப்பதற்கு அந்த ஆலையின் அச்சுகள், கைப்பழக்கம், எஃகு வரும் வழி ஆகியவை காரணம்; அவற்றை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் எடுத்துச் சென்றால் மலிவு உடன்வருவதில்லை. அவ்வாறிருந்தும் ஒரு நகல் மலிவாக விற்கப்படுமானால், செலவு எங்கோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்றே பொருள். பெரும்பாலும் அந்த இடம் எஃகின் வெப்பப் பதனமாகவோ பரிசோதனை மேசையாகவோ இருக்கும்.

இந்தியாவின் சொந்த அனுபவம் இவ்விவாதத்தில் ஏன் எடுத்துப் பேசப்படுவதில்லை என்பது வியப்பளிக்கிறது. 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரில் பழைய .303 துப்பாக்கிகளுடன் பனிமலையில் நின்ற படையின் நிலை நாட்டை உலுக்கியபின், சிறு ஆயுதங்கள் அனைத்தையும் புதுப்பிக்கும் பணி தொடங்கியது. ஸ்டெர்லிங் நிறுவனத்தின் உரிமம் பெற்று, கான்பூரிலுள்ள சிறு ஆயுதத் தொழிற்சாலை 1960-களில் 9 மி.மீ. கார்பைன் 1ஏ1 என்னும் பெயரில் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. இதுவும் நகல்தான், இதுவும் அயல்நாட்டில் வாங்குவதைவிடச் சிக்கனமான வழிதான். ஆனால் அங்கே வாங்கப்பட்டது துப்பாக்கி அன்று, துப்பாக்கி செய்யும் முறை. உரிமம் என்னும் சொல்லுக்குள் வரைபடங்கள் அடங்கும். ஒவ்வொரு உறுப்பும் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்னும் வரம்புகள் அடங்கும். அவ்வரம்பைச் சோதிக்கும் அளவைகள் அடங்கும். எந்த எஃகை எந்த வெப்பத்தில் பதப்படுத்துவது என்னும் குறிப்பு அடங்கும். பிரிட்டனிலேயே இந்த உரிமை எளிதில் தீர்ந்த விஷயமாக இருக்கவில்லை. பேட்செட்டுக்கும் நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையே உரிமைத்தொகை வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. அந்த அறிவுக்கு விலை உண்டு என்பதை வழக்காடியவர் அனைவரும் அறிந்திருந்தனர். லண்டனின் டேகன்ஹாமில் இருந்த ஸ்டெர்லிங் ஆலை 1980-களின் இறுதியில் கைமாறி மூடப்பட்டது. மூல ஆலை மறைந்தபின்னும் கான்பூரின் பிரதி இந்தியப் படைகளின் கையில் நிலைத்தது; வடகிழக்கின் காவல்சாவடி முதல் தென்கோடிக் காவல்நிலையம் வரை இரண்டு தலைமுறைகள் அதைத் தோளில் சுமந்தன. உடைந்த உறுப்புக்கு மாற்று உறுப்பு உள்நாட்டிலேயே கிடைத்ததும், பழுதுபார்க்கும் ஆர்மரருக்குப் பயிற்சி உள்நாட்டிலேயே கிடைத்ததும் அந்த நீண்ட வாழ்வின் காரணங்கள். குறைந்த விலைக்காரர் தம் வாதத்துக்கு ஆதரவாக 1ஏ1-ஐக் காட்டுவதுண்டு. அது அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

இன்றைய பேச்சின் மையத்தில் இருப்பது எம்.பி.5. ஜெர்மனியின் ஓபெர்ன்டார்ஃப் நகரிலுள்ள ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் 1960-களில் வடிவமைத்து, 1966-ல் ஜெர்மானியக் காவல்துறை ஏற்றுக்கொண்ட இந்த ஆயுதம், 1980 மே 5-ஆம் நாள் லண்டனில் ஈரானியத் தூதரகத்தை மீட்ட கமாண்டோக்களின் கையில் தொலைக்காட்சியில் தோன்றியபின் உலகப் புகழ் பெற்றது. இந்தியாவில் 1984-ல் தோற்றுவிக்கப்பட்ட தேசியப் பாதுகாப்புப் படையும் இதையே பயன்படுத்துகிறது. ஸ்டெர்லிங்கில் போல்ட் தன் எடையாலும் ஸ்பிரிங்கின் விசையாலும் மட்டுமே பின்வாங்குவதைத் தாமதப்படுத்துகிறது. எம்.பி.5-இல் அப்படியன்று. போல்ட்டின் தலைப்பகுதியில் இரு பக்கமும் இரண்டு சிறு எஃகு உருளைகள் உள்ளன. போல்ட் மூடும்போது அவை வெளியே பிதுங்கிக் குழலின் பின்கட்டிலுள்ள குழிகளில் அமர்கின்றன; சுட்டதும், அழுத்தம் தணியும்வரை போல்ட் பின்வாங்குவதைத் தாமதப்படுத்துகின்றன. மூடிய நிலையிலிருந்து சுடுவதாலும் உதைப்பு மென்மையாக இருப்பதாலும் குறி பிசகுவதில்லை. அந்த மென்மை முழுவதும் ஓர் இடைவெளியைச் சார்ந்தது.

போல்ட்டின் தலைக்கும் அதைச் சுமக்கும் பகுதிக்கும் இடையே, துப்பாக்கி மூடியிருக்கும்போது, ஏறத்தாழ கால் மில்லிமீட்டருக்கும் அரை மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட சந்து இருக்க வேண்டும். ஆயுதத்தைக் காலிசெய்து, தோட்டாக்கூட்டைக் கழற்றிவிட்டு, கூடு பொருந்தும் வாய்வழியாக மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை உள்ளே நுழைத்து ஆர்மரர் அதை அளக்கிறார். பாகூரிலோ வில்லியனூரிலோ இருசக்கர வண்டிப் பட்டறையில் டாப்பெட் சந்தைப் பார்க்கப் பயன்படும் ஃபீலர் கேஜ்தான் அது. விசிறிபோல விரியும் தகடுகளில் எது இறுக்கமாக நுழைகிறதோ அதன் தடிமனே அளவு. சுடச்சுட உருளைகளும் குழிகளும் தேய்கின்றன, சந்து சுருங்குகிறது. அப்போது 8 மி.மீ. விட்டமுள்ள உருளையை எடுத்துவிட்டு 8.02 அல்லது 8.04 மி.மீ. உருளையைப் பொருத்திச் சந்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு என்னும் இந்த நுட்பத்தில் ஓர் ஆயுதத்தின் ஆயுள் நிற்கிறது. குழிகள் வெட்டப்பட்ட பின்கட்டின் எஃகு போதிய கடினம் பெறாவிட்டால், புதிய துப்பாக்கியில் சரியாக இருந்த சந்து விரைவில் மறைந்துவிடும். உருளைகள் உரிய இடத்தில் அமராமல், அழுத்தம் தணியுமுன்னரே போல்ட் பின்னோக்கிப் பாயத் தொடங்கும். ஒப்பந்தப்புள்ளியோடு வரும் மாதிரித் துப்பாக்கியில் இக்குறை தெரியாது. சோதனைத் தளத்தில் சில நூறு ரவை சுட்டாலும் தெரியாது. ஏற்றுக்கொண்டு சில ஆண்டுகள் கழித்து, உத்தரவாதக் காலம் முடிந்தபின், அது யாருடைய கையில் இருக்கிறதோ அவருக்குத் தெரியும்.

அதனால்தான் எம்.பி.5-இன் நகல்கள் என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவது தவறு. துருக்கியின் எம்.கே.இ. ஆலையும் பாகிஸ்தானின் வாஹ் நகர ஆயுத ஆலையும் உரிமத்துடன், மூல நிறுவனம் கற்றுக்கொடுத்த முறையில் தயாரிக்கத் தொடங்கியவை. அவை ஒரு வகை. மாதிரி ஒன்றைப் பிரித்து அளந்து, காணாத வரைபடத்தை ஊகித்துச் செய்தவை வேறு வகை. இரண்டையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுதி, எல்-1, அதாவது தகுதி பெற்றவருள் மிகக் குறைந்த விலை சொன்னவர், யார் என்று கோடு கிழிப்பதே இன்றைய முறை. பொருளின் தன்மை ஒன்றாக இருக்கும் இடத்தில், சிமெண்டுக்கும் சீருடைத் துணிக்கும், இம்முறை நியாயமானது. தன்மை வேறுபடும் இடத்தில் அது வேறுபாட்டை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

பணக்கணக்கைப் பணக்கணக்காகவே பார்த்தாலும் எதிர்த்தரப்பு வெல்வதில்லை. 2025 டிசம்பர் 30-ஆம் நாள் பாதுகாப்பு அமைச்சகம் 4.25 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்பைன்களுக்காக பாரத் ஃபோர்ஜ், பி.எல்.ஆர். சிஸ்டம்ஸ் ஆகிய நிறுவனங்களுடன் 2,770 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. துணைக்கருவிகளையும் சேர்த்து ஒன்றுக்குச் சுமார் 65,000 ரூபாய். இந்தத் தொகையை அளவுகோலாகக் கொள்வோம். 65,000 ரூபாய் ஆயுதம் 30 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,170 ரூபாய். இருபதாயிரம் குறைத்து 45,000 ரூபாய்க்கு ஒரு நகலை வாங்கி, அது 20 ஆண்டில் கழித்துக்கட்டப்பட்டால் ஆண்டுக்கு 2,250 ரூபாய். உதிரி உறுப்பு, பழுது, கிடங்கில் முடங்கிக் கிடக்கும் நாட்கள் ஆகியவற்றை இன்னும் சேர்க்கவில்லை. ஆயுதத்தின் ஆயுளைக் கேட்காமல் விலையை மட்டும் கேட்பவர் சேமிப்பதாக எண்ணி இழக்கிறார்.

விலையும் மாதிரியும் நடைமுறையும் சரியாக அமையாததால் நேர்ந்த காலவிரயம் தனிக்கதை. 1ஏ1-க்கு மாற்றாக 44,618 கார்பைன்கள் வாங்க 2010-களின் தொடக்கத்தில் விடப்பட்ட டெண்டர், களத்தில் ஒரே நிறுவனம் எஞ்சிய நிலையில் 2016-ல் கைவிடப்பட்டது; 2018-ல் விரைவுமுறையில் ஐக்கிய அரபு அமீரகத்தின் கராக்கல் நிறுவனத்திடமிருந்து 93,895 கார்பைன்கள் வாங்க எடுத்த முடிவும் 2020-ல் கைவிடப்பட்டது. அத்தனை ஆண்டும் படைவீரர்கள் 1950-களின் வடிவத்தையே சுமந்தனர்.

காவலர் துணை இயந்திரத் துப்பாக்கியைச் சுடும் சந்தர்ப்பமே அரிது, பெரும்பாலும் அது காட்சிக்குத்தான், அதற்கு உயர்தரம் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. இந்த எண்ணமே மிக ஆபத்தானது. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கும் தெருவில், முக்கியப் பிரமுகருக்குப் பாதுகாப்பாகக் கார்பைனுடன் நிற்கும் காவலரைக் கருத வேண்டும். ஸ்டெர்லிங் வகை ஆயுதங்கள் திறந்த போல்ட்டிலிருந்து சுடுபவை: போல்ட் பின்னால் இழுத்து ஒரு கொக்கியில் மாட்டப்பட்டிருக்கும், விசையை அழுத்தினால் கொக்கி விடுபட்டுப் போல்ட் முன்னே பாய்ந்து ரவையை ஏற்றிச் சுடும். அந்தக் கொக்கியின் விளிம்பு மட்டமான எஃகால் ஆகித் தேய்ந்திருந்தால், நெரிசலில் ஓர் இடியோ, கைதவறிக் கீழே விழுவதோ போதும். விசையை யாரும் தொடாமலே ஆயுதம் சுடும், கொக்கி மறுபடியும் பிடிக்காவிட்டால் கூடு காலியாகும்வரை சுடும். சுடாத ஆயுதத்திற்குத் தரம் தேவையில்லை என்பவர், சுடாமல் இருக்க வேண்டிய நேரத்தில் சுடாமல் இருப்பதே அதன் முதற்தரம் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

சிறிய படைக்கு இச்சிக்கல் இன்னும் கடுமையானது. பெரிய மாநிலம் ஆயிரக்கணக்கில் வாங்கினால் பழுதுபட்டவற்றிலிருந்து உறுப்பெடுத்து மற்றவற்றை ஓட்ட முடியும். புதுச்சேரி போன்ற சிறிய யூனியன் பிரதேசம் சில டஜன் நகல்களை வாங்கி, விற்ற நிறுவனம் சில ஆண்டில் அந்த வகையைக் கைவிட்டுவிட்டால், உறுப்புகள் வேறெந்த நகலோடும் பொருந்தாமல் அவை கிடங்கின் மூலையில் தேங்கிவிடும். ஆயுதம் எந்த ரவையைத் தின்கிறது என்பதும் இதைப்போன்றதே. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பணிபுரிந்து ஊர் திரும்பிய ‘சொல்தா’க்களின் குடும்பங்கள் புதுச்சேரியில் இன்றும் உள்ளன, அவர்கள் காலத்துப் பிரெஞ்சுப் படையின் ஆயுதம், டூல் நகர ஆலையில் செய்த மாட்-49. வியட்நாமியர் கைப்பற்றிய மாட்-49-களுக்குக் குழலையே மாற்றி, தங்களுக்குச் சோவியத், சீன வழிகளில் தாராளமாக வந்த 7.62 மி.மீ. ரவையைச் சுடும்படி திருத்திக்கொண்டனர். ஆயுதத்தின் பெயரைவிட ரவை வரும் வழி முக்கியம் என்பதைப் போர் நடத்தியவர்கள் அறிந்திருந்தனர். உள்நாட்டில் வடிவமைத்து 2020 டிசம்பரில் இறுதிச் சோதனை முடித்த ஜே.வி.பி.சி. கார்பைன் நகல் அன்று. எனினும் அது சுடும் 5.56×30 மி.மீ. ரவை வேறெங்கும் பொதுவழக்கில் இல்லாததால், அதை ஏற்கும் படை அந்த ஒரே ரவைவழியை நம்பியே வாழ வேண்டும். தேர்வு செய்வோர் அதையும் விலையோடு சேர்த்து எண்ண வேண்டும்.

சுயசார்பு என்னும் வாதம் உணர்ச்சி மிக்கது, மதிக்கத்தக்கதும்கூட. 1960-களில் திருச்சிக்கு அருகே நவல்பட்டில் எழுந்து, இன்று ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். என்னும் அரசு நிறுவனத்தின்கீழ் இயங்கும் துப்பாக்கித் தொழிற்சாலை தமிழ்நாட்டின் பெருமை. தரைப்படையின் ஓர் அதிகாரியும் புனேயிலுள்ள ஆயுத ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நான்கு மாதத்தில் உருவாக்கி 2021 ஜனவரியில் அறிவித்த 9 மி.மீ. அஸ்மி, ஒன்றுக்கு 50,000 ரூபாய்க்குள் செய்யலாம் என்ற எதிர்பார்ப்புடன் வந்தது. 2024-ல் 550 அஸ்மிகள் வடக்குக் கட்டளைப் பிரிவுக்குச் சென்றன. அஸ்மி பிறர் வடிவத்தின் வெறும் உருவப் பிரதி அன்று என்பதே அதன் மதிப்பு. வடிவமைத்தவரும் தயாரிப்பவரும் இந்த மண்ணிலேயே இருப்பதால், குறை தெரிந்த நாளில் அதைத் திருத்த ஆளுண்டு. இதற்கு மாறாக, அயல்நாட்டு நகலைப் பெட்டியில் இறக்குமதி செய்து, உள்ளூரில் திருகாணி முடுக்கி, மலிவானது என்றும் சுதேசி என்றும் ஒருசேர விற்பது சுயசார்பு ஆகாது. சுயசார்பின் பெயரால் குறைந்த விலை நகலை ஆதரிப்பவர்கள், தாங்கள் நேசிக்கும் அந்தத் திறனையே பட்டினி போடுகிறார்கள்.

நகலைத் தேர்வதாயின் எப்படித் தேர்வது என்பதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1785-ல் பிரான்சில் ஓனோரே பிளாங்க் என்னும் துப்பாக்கிக் கைவினைஞர், ஐம்பது துப்பாக்கிகளின் தீக்கல் விசைப்பொறிகளைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தனித்தனிச் சிற்றறைகளில் அடுக்கி வைத்தார். அப்போது அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் கைக்கு வந்த துண்டுகளை எடுத்துத் தாமே சில பொறிகளைப் பூட்டிப் பார்த்து, அவை பிசகின்றிப் பொருந்தியதை அவ்வாண்டு ஆகஸ்டில் தம் நாட்டுக்குக் கடிதமாக எழுதினார். இன்று ஒப்பந்தப்புள்ளியில் சேர்க்க வேண்டியது அதே நிபந்தனையே: விற்பவர் பொறுக்கி அனுப்பும் மாதிரியை ஏற்காமல், தயாராகி வரும் வரிசையிலிருந்து வாங்குபவரே பத்துத் துப்பாக்கிகளை எடுத்து, முழுதும் பிரித்து, உறுப்புகளைக் கலந்து, அரத்தைத் தொடாமல் மறுபடி பூட்டி, சில ஆயிரம் ரவை சுட்டபின் ஒவ்வொன்றின் சந்தையும் கொக்கியையும் குழலையும் அளந்து, அவ்வளவுகளை விலையோடு சேர்த்து வெளியிட வேண்டும், முப்பதாண்டு உதிரி உறுப்புக்கும், உறுப்பு தர இயலாமற்போனால் வரைபடத்தையும் அளவைகளையும் ஒப்படைப்பதற்கும் விற்பவர் எழுத்தில் கட்டுப்பட வேண்டும். அச்சோதனையில் தேறும் நகல் மூலத்துக்கு இணையானது, அதை வாங்கலாம். தேறாதது இலவசமாகக் கிடைத்தாலும் செலியமேட்டுப் பிள்ளையின் தோளில் மாட்டத்தக்கது அன்று.